கீழே சுவர் இல்லாத சுவர்

வைதேகியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரம் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்திருக்காது. டிராமில் டிக்கெட் பரிசோதகர் ஏறினால் போதும், கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே அவளுக்கு வியர்க்கும். மாடிப்படியில் வீட்டுக்கார அம்மாளின் செருப்புச் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் புருஷன்தான் பிரிக்க வேண்டும். அவள் சமையலறையில் நின்றபடி, "என்ன போட்டிருக்கான்?" என்று மூன்று தரம் கேட்பாள்.

திருச்சிப் பெண். சென்னையில் கட்டட வரைபடப் படிப்பு முடித்தவள். ரசாயன ஆராய்ச்சிக்காக இங்கே வந்த சேதுராமனைக் கட்டிக்கொண்டு 1964இல் வந்து இறங்கினாள். மூன்று வருடம் கழித்து, கெஸ்லர் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, வரைபலகை முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவளுடைய பயமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. அவள் மசியில் இழுக்கிற கோடு தொடங்கிய கனத்திலேயே போய் முடியும். அழித்து எழுதிய இடத்தை பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கதையே அந்த ஒட்டிக்கொண்ட நாக்கால் வந்த கதைதான்.

1969 வசந்தத்தில் கெஸ்லருக்கு ஒரு வேலை வந்தது. ஊருக்குத் தெற்கே காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பழைய வீடு. அக்கம்பக்கத்தார் அதை 'வேல்ஸ்காரன் வீடு' என்பார்கள். 1824இல், இரும்பு உருக்காலை நடத்த வேல்ஸிலிருந்து வந்த பிரிச்சர்டு என்பவன் தன் ஊர் நாட்டுப்புறத்தில் பெரிய மனிதர்கள் எப்படிக் கட்டிக்கொண்டார்களோ அப்படியே இங்கேயும் கட்டிக்கொண்டான். வெள்ளைக் காரை பூசிய இரண்டு மாடி. சரிவு குறைந்த ஸ்லேட் கூரை. அந்த ஸ்லேட்டுகூட அவன் ஊரிலிருந்து கப்பலில் வந்ததாம். சுவரைத் தாண்டி வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும் கூரை விளிம்பு. மூன்று பக்கமும் மெல்லிய இரும்புக் கால்கள் தாங்கிய தாழ்வாரம். தோட்டத்தைப் பார்த்து அரைவட்டமாகப் பிதுங்கிய பெரிய கூடம். நடுவில் வளைந்து ஏறும் படிக்கட்டு, அதற்கு வெளிச்சம் தலைக்கு மேலே கூரைக் கண்ணாடி வழியாக. ஒதுக்குப்புறமாக வேலைக்காரர்களுக்கும் சமையலுக்கும் தனிக் கட்டு. இந்த வீட்டைக் குழந்தைகள் காப்பகமாக மாற்ற வேண்டும். அதற்கு முதலில் வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்து பிளான் போட வேண்டும். வைதேகியைத்தான் அனுப்பினார்கள்.

முதல் நாளே அந்த வீடு அவளை ஏமாற்றியது. கூடத்தில் கணப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு கதவுகள். வலதுபக்கக் கதவு வழியாக வந்தவள், இடதுபக்கக் கதவைத் திறக்கப் பிடியைத் திருகினாள், தள்ளினாள், தோளைக் கொடுத்தும் பார்த்தாள். பின்னால் நின்ற கெஸ்லர் சிரித்தார்.

"அது கதவில்லை, திருமதி சேதுராமன். பின்னால் சுவர். இந்தப் பக்கம் ஒன்று இருந்தால் அந்தப் பக்கமும் ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்."

வெளியே போய்ப் பார்த்தால் மேல்மாடியில் ஐந்து ஜன்னல்களில் ஒன்று ஜன்னலே இல்லை. காரையின் மேல் கறுப்பு வர்ணத்தில் கண்ணாடியும் சட்டமும் எழுதி வைத்திருந்தான் மனிதன். பார்வைக்கு அழகாக இருக்க எதை வேண்டுமானாலும் செய்கிற வீடு என்று அவள் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

மேல்மாடியில், கூடத்துக்கு நேர் மேலே, இரண்டு படுக்கையறைகள். நடுவில் ஒரு சுவர். தட்டிப் பார்த்தாள், உள்ளே பொள்ளல் சத்தம். மரச்சட்டத்தில் காரை பூசிய தடுப்பு. அதற்கு நேர் கீழே கூடத்தில் சுவர் ஏதும் கிடையாது, ஒரே வெளி. கீழே சுவர் இல்லையென்றால் மேலே இருப்பது வெறும் தடுப்பு, பாரம் எதையும் தாங்கவில்லை. வரைபடக்காரர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கணக்கு அது. ஆனால் டேப் வேறொன்று சொன்னது. வீட்டில் மற்ற தடுப்புகளெல்லாம் பன்னிரண்டு சென்டிமீட்டர் கனம். இது மட்டும் பத்தொன்பது.

அவள் மறுபடி அளந்தாள். பத்தொன்பதுதான். தடுப்புக்கு எதற்கு இவ்வளவு கனம்? கொஞ்சம் காரையைப் பெயர்த்து உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குக் கெஸ்லரைக் கேட்க வேண்டும். போன வாரம்தான் புகைபோக்கி பற்றி அவள் ஏதோ கேட்கப்போய், அவர் அலுவலகம் முழுவதும் கேட்கும்படி, "நீங்கள் வரையுங்கள். யோசிக்கிற வேலையை எனக்கு விட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் அவள் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

குறிப்பேட்டில் 19 என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். அலுவலகத்துக்கு வந்து பிளான் போடும்போது அந்தச் சுவரை மற்றத் தடுப்புகளைப் போலவே வெற்றாக விட்டாள். பாரம் தாங்கும் சுவர் என்றால் கறுப்பாக நிரப்ப வேண்டும். வெற்றாக விட்டால் உடைக்கலாம் என்று அர்த்தம். பாரக் கணக்குப் போடும் என்ஜினியர் வீட்டுக்கு வரவில்லை, பிளானைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டார். கேள்விக்குறி குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டது.

மறு வருடம் கோடையில் அந்தச் சுவரை வெட்டி, இரண்டு அறைகளையும் சேர்த்து அகலமாக வாசல் வைத்தார்கள். இலையுதிர்காலத்தில் காப்பகம் திறந்தது. முப்பத்தெட்டுக் குழந்தைகள். கெஸ்லர் சிபாரிசு செய்து வைதேகியின் மகள் பாமாவுக்கும் இடம் வாங்கிக் கொடுத்தார். நாலரை வயது. ஒதுக்குப்புறச் சமையற்கட்டில் சாப்பாடு, சாப்பிட்டதும் பன்னிரண்டரை மணிக்கு அந்தப் பெரிய கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துத் தூக்கம்.

1971 பிப்ரவரி, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். பாமாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த வைதேகியின் சீப்பில் வெள்ளையாக ஏதோ வந்தது.

"என்னடி இது, தலை பூரா?"

"மாவும்மா. தூங்கும்போது மேலேர்ந்து விழும். எனக்கும் பேட்ராவுக்கும் மட்டும்தான் விழும்."

பேட்ரா பக்கத்துப் பாய்க்காரி, பாமாவின் உயிர்த்தோழி. வைதேகி அந்த மாவை விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தாள். சுண்ணாம்புக் காரை.

மறுநாள் காலை குழந்தையை விடப் போனவள் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். விட்டத்துக் காரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு விரிசல், அவளே இழுத்த கோடு போல நேராக. மேலே அந்தச் சுவர் ஓடுகிற இடம். காப்பகத்தை நடத்தும் லென்ஸ் அம்மாள், அறுபது வயது, நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே வந்தார்.

"பழைய வீடு, ஈரம். மேலே கதவுகள்கூடச் சிக்குகின்றன. தச்சர் இரண்டு தரம் இழைத்துவிட்டார்."

"மேலே போய்ப் பார்க்கலாமா?"

புதிய வாசலின் மேல் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக ஏறிப் போயிருந்தது. உள்ளே ஏதோ சாய்வாக இருந்திருக்கிறது, அதன் வழியாகத்தான் விரிசலும் போகிறது. வைதேகி திரும்பிப் படிக்கட்டுக்கு வந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தாழ்வாரத்தில் குழந்தைகள் பூட்ஸ் மாட்டிக்கொள்ள ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். பருமனான பழைய ஓக் கட்டை.

"இதைப் பார்த்தீர்களா?" என்றார் லென்ஸ் அம்மாள். "வாசல் வெட்டும்போது சுவருக்குள்ளிருந்து வந்தது. அறுக்கவே அரை நாள் ஆனதாம். இவ்வளவு நல்ல மரத்தை எதற்கு எறிவது என்று பெஞ்சாக்கிவிட்டோம்."

வைதேகி குனிந்து பார்த்தாள். கட்டையின் ஒரு முனை சாய்வாகச் செதுக்கப்பட்டிருந்தது. அந்த முனையைச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு, ஆணி அடித்து இறுக்கிய இரும்புப் பட்டை. இரும்பாலைக்காரன் தன் கையால் அடித்த பட்டையாகக்கூட இருக்கலாம். சும்மா நிற்கிற தடுப்பின் கட்டைக்கு எவனும் இரும்புப் பட்டை போடமாட்டான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தச் சுவருக்குள் ஒரு பாலம் இருந்தது. இரண்டு பக்கமும் சாய்ந்த கட்டைகள் வெளிச்சுவர்களில் கால் ஊன்றிக்கொண்டு, மேலே கூரையையும் கீழே கூடத்து விட்டத்தையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்திருந்தன. கூடத்தில் தூணும் வேண்டாம், சுவரும் வேண்டாம், பார்வைக்கு விசாலமாக இருக்க வேண்டும் என்று அந்த மனிதன் செய்த வேலை. கீழே சுவர் இல்லை, ஆகவே அது தாங்கவில்லை என்று அவள் நினைத்தாள். கீழே சுவர் இல்லாததால்தான் அது தாங்கிக்கொண்டிருந்தது. இப்போது பாலத்தின் ஒரு கால் பெஞ்சாகக் கிடக்கிறது.

அந்த இடத்திலேயே அவள் கத்தியிருக்க வேண்டும். லென்ஸ் அம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். என்ன செய்தாள் தெரியுமா? உள்ளே போய் பாமாவின் நெற்றியில் கை வைத்து, "காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கிறது, வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன்" என்றாள். தன் குழந்தையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு டிராம் ஏறிவிட்டாள். எனக்குக் கோபமாக வருகிறது. ஆனாலும் உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்.

வீட்டில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த சேதுராமன் எல்லாவற்றையும் கேட்டான். பேனாவின் மூடியைத் திருகி மூடினான்.

"கையெழுத்துப் போட்டது கெஸ்லர். கணக்குப் போட்டது என்ஜினியர். நீ வெறும் டிராஃப்ட்ஸ்மேன். உன்ன யாரு கேக்கப்போறா?"

"பிளான் மூலையில என் இனிஷியல் இருக்கு. நோட்புக்குல கேள்விக்குறி இருக்கு. தெரிஞ்சே விட்டேன்னு ஆயிடும்."

அவனுடைய உதவித்தொகை டிசம்பரோடு முடிந்திருந்தது. ஆய்வேட்டுக்கு இன்னும் எட்டு மாதம். அதுவரை மூன்று பேரும் இந்த நாட்டில் இருக்கலாம் என்ற முத்திரை வைதேகியின் வேலையை நம்பித்தான் குத்தப்பட்டிருந்தது.

"உன் வேலை போச்சுன்னா விசா போச்சு, என் ஏழு வருஷமும் போச்சு. எட்டே மாசம் பொறுத்துக்க, வைதேகி."

"எட்டு மாசம் அது பொறுத்துக்குமா?"

அவன் ஆய்வேட்டுத் தாள்களை அடுக்கினான். பிறகு தலை நிமிராமலே, "குழந்தைய அனுப்பாத. நம்மால முடிஞ்சது அதுதான்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனும் பயந்துதான் போயிருந்தான்.

செவ்வாய், புதன், வியாழன். அந்த மூன்று நாளும் வைதேகிக்கு சோறு இறங்கவில்லை. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலுவலகம் போனாள், வந்தாள். மதியம் பன்னிரண்டரை ஆனால் பேனாவை வைத்துவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்கு ஓடுவாள். மூன்று மணி ஆனதும், இன்றைக்குத் தப்பித்தோம் என்று மூச்சு விடுவாள். இன்றைக்குத் தப்பித்தது யார் என்று கேட்டுக்கொள்ள அவளுக்குத் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போதே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஈரப் பனி, கனமான பனி. ஜன்னல் விளிம்பில் ஒரு முழ உயரம் சேர்ந்துவிட்டது. சரிவு குறைந்த கூரையில் பனி வழுக்கி விழாது, அப்படியே உட்காரும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போது பாமா வந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்குத்தான் காய்ச்சலே இல்லையேம்மா. நான் போகலைன்னா பேட்ரா என் பாயையும் சேர்த்துப் போட்டுப் படுத்துப்பா. மாவு பூரா அவளுக்கே விழும்."

வைதேகி டிராமில் உட்கார்ந்திருந்தாள். டிக்கெட் பரிசோதகர் வந்து கேட்டதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. பத்து மணிக்கு வரைபலகை முன்னால் உட்கார்ந்தாள், பதினோரு மணி வரை ஒரு கோடு போடவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பன்னிரண்டு அடித்துச் சில நிமிடத்தில் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கெஸ்லர் அறைக்குள் போனாள், கதவைத் தட்டாமலே.

சொன்னாள். பத்தொன்பது, கேள்விக்குறி, பெஞ்சு, இரும்புப் பட்டை, மாவு, எல்லாவற்றையும். ஜெர்மன் இலக்கணம் எக்கேடு கெட்டதோ அவளுக்குத் தெரியாது. கெஸ்லர் சுருட்டைக் கீழே வைத்தார்.

"கீழே சுவரே இல்லாதபோது அது எதைத் தாங்கும்?"

"இல்லாததால்தான் தாங்கியது. இரண்டு சாய்ந்த கட்டைகள். ஒன்றை அறுத்துவிட்டோம்."

அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் பழக்க தோஷம் விடுமா? "திங்கட்கிழமை என்ஜினியரோடு போய்ப் பார்ப்போம்" என்றார்.

"பன்னிரண்டரைக்குக் குழந்தைகள் படுத்துவிடுவார்கள்" என்றாள் வைதேகி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவருடைய மேஜையில், அவருடைய தொலைபேசியை எடுத்து, அவளே எண்ணைச் சுழற்றினாள். ஒரு முறை எண் தவறிப்போய் மறுபடி சுழற்றினாள். கெஸ்லர் தடுக்கவில்லை.

காப்பகத்திலிருந்து லென்ஸ் அம்மாள் பேசினார். கூடத்தில் யாரையும் படுக்க வைக்காதீர்கள் என்றாள் வைதேகி.

"சூப் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள், கண் சொருகுகிறது. இன்றைக்குத் தூங்கி எழட்டும். நாளையிலிருந்து வேறு ஏற்பாடு செய்கிறேன். நீங்கள் எப்போதுமே கொஞ்சம் பயப்படுகிறவர், எனக்குத் தெரியுமே."

அந்த அம்மாளின் குரலில் கேலிகூட இல்லை, பரிவுதான் இருந்தது. சுவரில் கடிகாரம் பன்னிரண்டு இருபத்தைந்து. இனிச் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. சாகும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவள் நினைத்திருந்தது அது.

"பாமாவுக்குக் காய்ச்சல் இல்லை" என்றாள். "அந்த விட்டம் விழுந்துவிடும் என்று எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். அதனால்தான் என் குழந்தையை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டேன்."

மறுமுனையில் தொலைபேசியை மேஜை மேல் அப்படியே போட்ட ஒலி, ஓடுகிற காலடி, யாரையோ கூப்பிடும் குரல். வைதேகி அதைக் காதில் வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தைகளைச் சமையற்கட்டில் கோட்டுகளை விரித்துத் தூங்க வைத்தார்கள். இரண்டு மணிக்கு என்ஜினியர் முட்டுக்கட்டைகளோடு போய்ச் சேர்ந்தார். காரையைப் பெயர்த்தபோது, வெளிச்சுவருக்குள் ஒரு சாண் நுழைந்திருக்க வேண்டிய நடு உத்தரம் உருவிக்கொண்டு வந்து இரண்டு விரல் அகலத்தில் தொற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த என்ஜினியர் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் முட்டுக் கொடுத்தார்.

வேலை போகவில்லை. தவறு அலுவலகத்துடையது என்று கெஸ்லர் எழுதிக் கொடுத்தார், அவள் பெயரைச் சொல்லவில்லை. 'யோசிக்கிற வேலையை எனக்கு விட்டுவிடுங்கள்' என்று தான் சொன்னது அவருக்கும் நினைவிருந்திருக்கும். சேதுராமன் ஆய்வேட்டை முடித்தான், இங்கேயே வேலையும் கிடைத்தது. இரும்பு உத்தரம் வைத்துக் கூடத்தைச் சீர்செய்ததும் பாமா திரும்பப் போனாள். முதல் நாள் வாசலில் லென்ஸ் அம்மாள் வைதேகியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மூன்று மதியம். முப்பத்தேழு குழந்தைகளை நான்தான் படுக்க வைத்தேன். எப்படி உங்களால் முடிந்தது?"

பதிலுக்கு நிற்காமல் அவர் உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசவும் இல்லை.

பேட்ராவின் அம்மா ஒரு வாரம் கழித்து ஆப்பிள் கேக்கோடு வந்து நின்றாள். தபால் நிலையத்தில் வேலை, புருஷன் இல்லாதவள். "என் பெண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள்" என்று வைதேகியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வைதேகி கையை உருவிக்கொண்டு தட்டு எடுக்கப் போனாள். அடுத்த பிப்ரவரியிலும் கேக் வந்தது. அதற்கு அடுத்த பிப்ரவரியிலும். வைதேகி அதை வெட்டி எல்லோருக்கும் கொடுப்பாள், தன் வாயில் ஒரு துணுக்குப் போட்டதில்லை. ஜனவரி பிறந்தாலே அவளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். லென்ஸ் அம்மாள் என்றைக்காவது சொல்லிவிட்டால்? டிராம் பரிசோதகர் மேலும் வீட்டுக்கார அம்மாள் மேலும் இருந்த பயமெல்லாம் போய், இந்த ஒரு பயம் மட்டும் வீட்டில் ஓர் ஆளாகக் குடியிருந்தது.

1978 பிப்ரவரியில் அம்மாவுக்குக் கால் சுளுக்கு என்று பேட்ராவே கேக்கைக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு வயது, வைதேகியின் தோளுக்கு வளர்ந்திருந்தாள். பாமா இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. சமையலறை மேஜையில் இருவர் மட்டும். வைதேகி கத்தியை எடுத்தாள், கீழே வைத்தாள்.

"பேட்ரா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விட்டம் விழும் என்று தெரிந்தும் மூன்று நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. பாமாவை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டேன். உன்னை அதன் கீழே விட்டுவிட்டேன்."

பேட்ரா ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமே" என்றாள். "காய்ச்சலே இல்லாமல் வீட்டில் இருந்ததாக பாமா அப்போதே சொல்லிவிட்டாள். அம்மாவிடம் சொன்னேன்."

"உன் அம்மாவுக்குத் தெரியுமா? தெரிந்துமா ஒவ்வொரு வருடமும் கேக்..."

"நானும் ஒரு தடவை கேட்டேன்." பேட்ரா மேஜையில் சிந்திய சர்க்கரையை விரலால் கூட்டினாள். "உங்கள் இடத்தில் தான் இருந்திருந்தால் நான்காவது நாளும் வாயைத் திறந்திருக்க மாட்டாளாம். அம்மா அப்படித்தான் சொன்னாள்."

வைதேகி கத்தியை மறுபடி எடுத்துக் கேக்கை வெட்டினாள். முதல் துண்டைப் பேட்ராவுக்கு வைத்தாள், இரண்டாவதைத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். சாப்பிட்டாள்.